முதல் வாரத்து வெயில்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு வடமேற்கே இருக்கிறது அபோப்கா. டிஸ்னி உலகத்தைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இந்த ஊரின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அமெரிக்க வீடுகளின் கூடத்து மூலையிலும் அலுவலக வரவேற்பறையிலும் நிற்கும் தொட்டிச்செடிகளில் ஏராளமானவை இந்த வட்டாரத்து நர்சரிகளிலிருந்து போனவை. 'உலகின் உட்புறச் செடிகளின் தலைநகரம்' என்று ஊரே தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வடக்கே போனால் பியர்சன் என்ற சிற்றூர் வரும். பூங்கொத்தில் ரோஜாவுக்குப் பின்னால் பச்சையாக விரிந்திருக்குமே, அந்தப் பெரணி இலைக்குப் பேர்போன ஊர் அது. தெற்கே இம்மோகலீயில் தக்காளி. மூன்று ஊர்களிலும் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள்.

2015, 2016 ஆண்டுகளின் கோடையில் இந்த மூன்று ஊர்களுக்கும் எமரி பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வந்தார்கள். புளோரிடாவின் பண்ணைத் தொழிலாளர் சங்கம் அவர்களோடு கைகோத்திருந்தது. வேலைக்குப் போகும் முன்பும் வேலை முடிந்து வந்த பின்பும், மூன்று நாட்களுக்கு, தொழிலாளர்களின் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன. மாத்திரை அளவிலான வெப்பமானியை விழுங்கவைத்து, வயிற்றுக்குள்ளிருந்தே உடல் வெப்பத்தைப் பதிவு செய்தார்கள். 192 பேரின் சிறுநீரக முடிவுகள் 2018-ல் வெளியாயின. அவர்களில் 33 சதவீதத்தினருக்கு, அந்த மூன்று நாட்களில் ஒரு நாளாவது சிறுநீரகத்தில் திடீர்ப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. காலையில் இருந்த ரத்தக் கிரியாட்டினின் அளவு மாலைக்குள் எகிறியிருந்தது என்று பொருள்.

அதே ஆய்வில் இன்னொரு விவரம் உண்டு. வேலை முடிந்து வந்தபோது 81 சதவீதத்தினர் உடலில் நீர் வற்றியிருந்தார்கள். இதை யாரும் எதிர்பார்க்கலாம். ஆனால் காலையில், வேலை தொடங்கும் முன்பே, 53 சதவீதத்தினர் அந்த நிலையில்தான் இருந்தார்கள். நேற்றைய தாகம் தீராமலே இன்றைய வேலை தொடங்குகிறது. வெப்பக் குறியீடு ஐந்து டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ மூன்று டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம், சிறுநீரகப் பாதிப்புக்கான சாத்திய விகிதம் 47 சதவீதம் ஏறுவதாகவும் கணக்கிட்டார்கள்.

நர்சரி, பசுமைக்குடில், தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழில் ஆகியவற்றின் முதலாளிகள் கூடும் இடங்களில் 'தொழிலாளர் அபாயம்' என்ற பேச்சு எடுத்தால் சிறுநீரகம் யார் வாயிலும் வராது. ஆள் கிடைக்காதது, விசா தாமதம், கூலி உயர்வு, வழக்கு, காப்பீட்டுத் தொகை இவைதான் வரும். இவை கவலைக்குரியவை அல்ல என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தக் காகித அபாயங்களில் பாதி உடம்பில்தான் தொடங்குகின்றன. வருகிற ஆள் முதல் வாரத்தைத் தாண்டுவாரா என்பதில்தான் இந்தத் தொழிலின் கணக்கு நிற்கிறது.

மண்வெட்டி பிடிக்கும் உடம்பு எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கு வெயில்காலத்தில் உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். 'ஆவியானால்' என்பதுதான் முக்கியம். மண்பானைத் தண்ணீர் சித்திரையில் குளிர்வதும் அடைமழை நாளில் குளிராமல் கிடப்பதும் இதே கணக்கில்தான். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டிய வியர்வை உடம்பின் நீரையும் உப்பையும் பறித்துக்கொண்டு போகும், வெப்பத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

பசுமைக்குடில் இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கிறது. உள்ளே வரும் வெயிலை நெகிழித்தாளோ கண்ணாடியோ சிறைப்பிடிக்கிறது. இலைகள் விடும் நீராவியும் தெளிப்பானின் ஈரமும் காற்றில் தேங்குகின்றன. வீசுகிற காற்று கிடையாது. வெளியே வானிலை நிலையம் சொல்லும் அளவுக்கும் உள்ளே குனிந்து பதியன் நடுபவர் அனுபவிப்பதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். திறந்தவெளி நர்சரியிலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. களை முளைக்காமலிருக்கத் தரையில் விரித்த கறுப்புத்துணி வெயிலை வாங்கி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் ஒரே எண்ணில் அளக்க ஒரு முறை எழுபது ஆண்டுகளாக இருக்கிறது. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் புதிய ஆட்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். அதைத் தடுப்பதற்காக யாக்லோ, மினார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1957-ல் வெளியிட்ட அளவு அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி மூன்றும் சேர்ந்தது. முதலாவதுக்கு 70 சதவீத எடை, இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு வெறும் 10. அதாவது நாம் தினமும் செய்தியில் கேட்கிற 'இன்று இத்தனை டிகிரி' என்பதற்கு உழைக்கிற உடம்பின் கணக்கில் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான். வெப்பக் குறியீடு என்று தொலைக்காட்சியில் சொல்லப்படுவதும் நிழலில் நிற்பவருக்கான எண். நேர் வெயிலில் அது 15 டிகிரி பாரன்ஹீட் வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைத் துறையே எச்சரிக்கிறது.

நவீனப் பசுமைக்குடிலில் இந்தக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. வெப்பம், ஈரப்பதம், ஒளி எல்லாவற்றையும் கணினி நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிறது. ஒரு டிகிரி ஏறினால் விசிறி சுழலும், நிழல்வலை தானாக விரியும். எல்லாம் செடிக்காக. அதே கருவியில் இன்னொரு எல்லையைக் குறித்து, 'இதற்கு மேல் போனால் ஆட்கள் வெளியே' என்று ஒரு மணி அடிக்கவைப்பதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.

*

உடம்பை வெப்பத்துக்குப் பழக்கிக்கொள்ள முடியும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடம் ஒரு தங்கச் சுரங்கம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போன 1920களில், வெப்பமும் ஈரமும் மண்டிய அடித்தளங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் வெப்பவாதத்தால் சாகத் தொடங்கினார்கள். 1930களில் டிரியோஸ்டி என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். புதிதாக வந்தவர்களை முதலில் குறைந்த வேலையில் விட்டு, நாளுக்கு நாள் ஏற்றினால் அவர்கள் தாங்குகிறார்கள். எடுத்த எடுப்பில் முழு வேலையில் இறக்கினால் தாங்குவதில்லை. சுரங்க நிறுவனங்கள் இதைக் கருணையால் ஏற்கவில்லை. தொலைதூரக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்த ஆள் செத்துப்போனால் நட்டம் என்பதால் ஏற்றன. நோக்கம் எதுவானாலும் கண்டுபிடிப்பு உண்மை.

பழகும் உடம்பில் நடப்பது இதுதான். சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயம் திணற வேண்டியதில்லை. வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, அதிகமாகவும் சுரக்கிறது, ஆனால் அதில் உப்பு குறைகிறது. இந்த மாற்றம் முழுமையாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் பிடிக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலே கொஞ்சம் கரையும், ஒரு மாதம் வெயில் படாமல் இருந்தால் அனேகமாக முழுதும் போய்விடும். இருபது ஆண்டு அனுபவம் உள்ள தோட்டக்காரர் என்பதற்காக உடம்பு சலுகை தராது.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் இதை ஒரு எளிய விதியாக்கியிருக்கிறது. புதியவர் முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதத்துக்கு மேல் செய்யக்கூடாது, பிறகு நாளுக்கு 20 சதவீதம் ஏற்றலாம். விடுப்பு முடிந்து திரும்பும் பழைய ஆள் 50, 60, 80, 100 என்று ஏறலாம். இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் எண் திகைக்கவைக்கிறது. வேலையிடத்தில் வெப்பத்தால் நேர்ந்த மரணங்களை அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதி மரணங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நிகழ்ந்திருந்தன. முதல் வாரத்துக்குள் 70 சதவீதத்துக்கும் மேல்.

2021 ஜூன் 26. அமெரிக்காவின் வடமேற்கில் அதுவரை யாரும் பார்த்திராத வெப்ப அலை. நர்சரிச் செடிகளே முதன்மையான விளைபொருளாக இருக்கிற ஓரிகன் மாநிலத்தில், ஒரு மர நர்சரியில் நீர்ப்பாசனக் குழாய்களை இடம் மாற்றிக்கொண்டிருந்த குவாத்தமாலாத் தொழிலாளர் ஒருவர் வேலையிடத்திலேயே இறந்து கிடந்தார். அவருக்கு வயது 38. அன்று வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தது. இரண்டு நாட்கள் கழித்து, மழைக்கும் குளிருக்கும் பேர்போன போர்ட்லண்ட் நகரம் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த வட்டாரத்தில் யார் உடம்பும் அப்படியொரு வெயிலுக்குப் பழகியிருக்க வழியில்லை. முதலாளியும் புதியவர்தான், செடியும் புதியதுதான் என்று சொல்லலாம். ஆனால் முதலாளிக்கு நிழலுக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த சில நாட்களில், ஜூலை மாதத்தில், ஓரிகன் அவசர விதிகளைக் கொண்டுவந்தது. 2022-ல் அவை நிரந்தரமாயின. வெப்பக் குறியீடு 80 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 27 செல்சியஸைத் தொட்டாலே நிழலும் குடிநீரும் கட்டாயம். 90-ஐத் தாண்டினால் கட்டாய ஓய்வு.

சென்னைவாசிக்கு 27 டிகிரி என்பது மார்கழி மதியம். ஆனால் பாடுபடுகிறவர் உள்ளுக்குள்ளேயே அடுப்பை எரித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால் அந்த எல்லை வினோதமாகத் தோன்றாது.

*

இந்த முதல் வாரச் சிக்கலை அமெரிக்காவின் விசா முறை இன்னும் இறுக்குகிறது. நர்சரிகளுக்கும் பண்ணைகளுக்கும் பருவகால ஆட்களை அழைத்துவர எச்-2ஏ என்ற விசா. இதற்கு உச்சவரம்பு இல்லை. வீடு, போக்குவரத்து எல்லாம் முதலாளி பொறுப்பு. வீட்டுத் தோட்டம், பூங்கா, புல்வெளி வேலைகளுக்கு எச்-2பி. இதற்கு ஆண்டுக்கு 66,000 என்ற வரம்பு, ஆறு மாதத்துக்கு 33,000. எச்-2பி ஆட்களை அதிகம் அழைப்பது தோட்டம் அமைக்கும் தொழில்தான். இரண்டு விசாவும் ஒருவரை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகின்றன. வேலையைவிட்டபின் வேறு முதலாளி மனுப் போடாவிட்டால் நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடும். கடன் வாங்கி வந்தவர், பேருந்தில் நாள்கணக்கில் பயணம் செய்து, பருவம் தொடங்கிவிட்ட அவசரத்தில் இறங்கிய மறுநாளே வரிசையில் நிற்பார். தலை சுற்றுகிறது என்று மேஸ்திரியிடம் சொல்வாரா?

எத்தனை தொட்டி நிரப்பினாய், எத்தனை கட்டு இலை அறுத்தாய் என்று எண்ணிக் கூலி கொடுக்கும் இடங்களில் இன்னும் மோசம். நிழலுக்குப் போவது, தண்ணீர் குடிப்பது, கழிப்பறைக்கு நடப்பது எல்லாமே கூலிக்கழிவு. கழிப்பறை தொலைவில் இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். காலையிலேயே வற்றிய உடம்போடு வந்த அந்த 53 சதவீதத்தினரைப் பற்றி யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வெப்பம் தன் பெயரில் கணக்கில் வருவதும் குறைவு. பொருளாதார அறிஞர் ஜிசுங் பார்க்கும் சக ஆய்வாளர்களும் 2001 முதல் 2018 வரை கலிபோர்னியாவில் பதிவான ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் இழப்பீட்டு விண்ணப்பங்களை வெப்பநிலைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். 90 பாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில் வேலையிடக் காயங்கள் 6 முதல் 9 சதவீதம் கூடின. 100-ஐத் தாண்டிய நாட்களில் 10 முதல் 15 சதவீதம். அந்தக் காயங்களில் பெரும்பாலானவற்றில் 'வெயில்' என்ற சொல்லே இல்லை. ஏணியிலிருந்து விழுந்தார், கை இயந்திரத்தில் சிக்கியது, வண்டி மோதியது என்றுதான் எழுதியிருக்கும். மூளைக்கு ரத்தம் குறைந்து, கை வழுக்கி, கவனம் நழுவிய அந்த ஒரு நொடியை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

மரம் வெட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு நொடி போதும். தோட்டத் தொழிலில் உயிர் அதிகம் போவது அங்கேதான். கிளை மேலே விழுவது, உயரத்திலிருந்து விழுவது, மின்கம்பியில் படுவது, கிளைகளைத் தூளாக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் கயிற்றோடு இழுபடுவது. சங்கிலி ரம்பத்தைக் கையில் கொடுத்து, வெயிலுக்குப் பழகாத ஒருவரை மரத்தில் ஏற்றுவது என்ன கணக்கு என்று தெரியவில்லை.

*

இனி மருந்து. பசுமைக்குடிலில் பூச்சிமருந்து அடித்தால் மூடிய இடம் என்பதால் நெடுநேரம் தங்கும். எனவே தெளித்த பிறகு இத்தனை மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது என்ற இடைவெளி ஒவ்வொரு மருந்துக்கும் உண்டு. அமெரிக்காவில் பொதுவாக நச்சு குறைந்ததற்கு 12 மணி, கடுமையானதற்கு 24 மணி, மிகக் கடுமையானதற்கு 48 மணி. மருந்து அடிப்பவர் தலை முதல் கால்வரை மூடும் உடை, கையுறை, முகமூடி அணிய வேண்டும்.

இங்கேதான் இரண்டு பாதுகாப்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மருந்து உள்ளே போகாத உடையிலிருந்து வியர்வையும் வெளியே போகாது. முழு உடை போட்டவருக்கு வெப்பம் ஏறும். வெப்பம் தாங்காமல் ஜிப்பை இறக்கினால், வியர்த்து ஈரமாகி ரத்த ஓட்டம் கூடிய தோல் மருந்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். 'உடை போடவில்லை, அவன் தப்பு' என்று தொழிலாளியைக் குறை சொல்வது எளிது. மதியம் இரண்டு மணிக்கு நெகிழிக்கூரைக்குக் கீழே அந்த உடையோடு நிற்கச் சொன்னவர் யார் என்று கேட்பதுதான் நியாயம். இதற்கு நல்ல முகமூடி விடையல்ல. மருந்தடிப்பை விடிகாலைக்கோ மாலைக்கோ மாற்றுவதுதான் விடை. வாய்ப்புள்ள இடத்தில் மருந்துக்குப் பதில் பூச்சித்தின்னி உண்ணிகளையும் குளவிகளையும் விடலாம். நெதர்லாந்தின் பசுமைக்குடில்கள் பலவும் இந்தப் பாதைக்குப் போய்விட்டன.

பூ செடியைவிட்டுப் போன பிறகும் மருந்து அதைவிட்டுப் போவதில்லை. பெல்ஜியத்தில் 20 பூக்கடைக்காரர்களுக்குப் பஞ்சுக் கையுறை கொடுத்து, வழக்கம்போலப் பூக்கட்டச் சொல்லி, பிறகு அந்தக் கையுறைகளைச் சோதித்தார்கள். 111 வகைப் பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து வேதிப்பொருட்கள் கிடைத்தன. ஒரு கையுறை மாதிரியில் சராசரியாக 37. உண்ணும் காய்க்கு இவ்வளவுதான் இருக்கலாம் என்று எல்லை வகுத்த ஐரோப்பியச் சட்டம், சாப்பிடாத பூவை விட்டுவிட்டது. வாங்குபவர் சாப்பிடுவதில்லைதான். கட்டுபவர் நாள் முழுக்கத் தொடுகிறார்.

மண்ணுக்கும் சில குணங்கள் உண்டு. 1988-ல் அமெரிக்காவில் ஊசியிலை மரக் கன்றுகளைக் கையாண்ட 84 பேருக்குத் தோலில் ஆறாத புண்கள் வந்தன. கன்றுகளின் வேர் காயாமலிருக்கச் சுற்றியிருந்த விஸ்கான்சின் பாசியில் இருந்த ஒரு பூஞ்சைதான் காரணம். ரோஜா முள் குத்தியும் வருவதால் 'ரோஜாத் தோட்டக்காரர் நோய்' என்று இதற்குப் பெயர். இதே பூஞ்சை 1940களில் ஏறக்குறைய மூவாயிரம் பேரைத் தாக்கியது. எங்கே? முன்பு சொன்ன அதே விட்வாட்டர்ஸ்ரான்ட் சுரங்கங்களில், கூரையைத் தாங்கிய மரக்கட்டைகள் வழியாக. தொட்டி நிரப்பும் மண்கலவையில் வளரும் லெஜியோனெல்லா வகைக் கிருமி ஒன்று நிமோனியாவைக் கொண்டுவரும் என்பதை ஆஸ்திரேலியர்கள் 1980களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அங்கே மண்கலவைப் பையில் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். பையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வை, தூசி பறக்காமல் கொஞ்சம் நனை, கை கழுவு. கையுறையும் முகமூடியும் போதுமான அபாயங்கள் இவை.

அபோப்காவில் ஒரு பழைய கதையும் உண்டு. ஊரை ஒட்டிய ஏரிக்கரைச் சேற்றுநிலப் பண்ணைகளில் பல பத்தாண்டுகள் காய்கறி விளைந்தது, டிடிடி போன்ற மருந்துகளும் சேற்றில் சேர்ந்தன. 1998-ல் அரசு அந்தப் பண்ணைகளை விலைக்கு வாங்கி மூடிவிட்டு, நிலத்தில் மீண்டும் நீர் பாய்ச்சியது. அந்தக் குளிர்காலத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. பறவைகளை ஆராய்ந்தார்கள். அந்த ஏரியின் முதலைகளுக்கு இனப்பெருக்க உறுப்புகள் சரியாக வளராததைப் பற்றி லூயி கில்லெட் என்ற விலங்கியல் அறிஞர் ஏற்கெனவே உலகப்புகழ் பெற்ற ஆய்வுகளைச் செய்திருந்தார். அதே சேற்றில் அரை வாழ்நாளைக் கழித்த தொழிலாளர்களை யாரும் அப்படி ஆராயவில்லை என்பது பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் நீண்டகாலக் குறை. வேலை இழந்தவர்களில் பலர் பிறகு நர்சரிகளுக்குப் போனார்கள். விழுங்கும் வெப்பமானியோடு பல்கலைக்கழகம் அங்கே வந்துசேர மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின.

*

செலவு என்று வந்தால் எல் சல்வடோரின் கரும்புத் தோட்டத்தைப் பார்க்கலாம். மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகி இறந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை நோயும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. 2015-ஐ ஒட்டி ஓர் ஆய்வுக்குழு அங்கே ஒரு தோட்டத்தில் நகர்த்தக்கூடிய நிழற்பந்தல், முதுகில் மாட்டும் தண்ணீர்ப்பை, நேரம் வைத்த ஓய்வு, பிடிக்கு ஏற்றபடி மாற்றிய வெட்டுக்கத்தி ஆகியவற்றைக் கொண்டுவந்தது. ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்பதுதான் எந்த மேஸ்திரியின் முதல் பயமும். நடந்தது வேறு. ஒருவர் ஒரு நாளில் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக ஏறியது. கத்தி மாறியதற்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் ஓய்வால் உற்பத்தி படுத்துவிடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எளிய கருவிகளில் எது உதவும் என்பதையும் புளோரிடாவில் எமரி குழுவினர் சோதித்தார்கள். 84 தொழிலாளர்களைப் பிரித்து, சிலருக்குக் கழுத்தில் கட்டும் குளிர்த்துணி, சிலருக்குக் குளிர்மேல்சட்டை, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. உள்வெப்பம் 38 டிகிரியைத் தாண்டாமல் காக்கும் வாய்ப்பு அந்தச் சாதாரணக் கழுத்துத்துணிக்குத்தான் இருப்பதாகத் தெரிந்தது. விலை கூடிய மேல்சட்டை தலைவலி, தலைசுற்றல் போன்ற தொல்லைகளைக் குறைத்ததே தவிர உள்வெப்பத்தில் அந்தப் பலனைக் காட்டவில்லை. சிறிய ஆய்வு, முடிவாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் உடம்பு சுகமாக உணர்வதும் உடம்பு குளிர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை அது காட்டுகிறது. நல்ல தோல் குளிர்ச்சி ஒருவரை இன்னும் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

தொட்டிகளைத் தூக்கி இடம் மாற்றும் வேலைக்கு ரோபோக்கள் வந்திருக்கின்றன. வீடு பெருக்கும் எந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஜோன்ஸ், ஆட்களுக்கு முதுகு ஒடியும் வேலை இது என்று கண்டு, நர்சரிக்காகவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். சமதளத்தில் ஒரே அளவுத் தொட்டிகளை வரிசை மாற்ற அவை உதவும். கிளை ஒடிப்பதும் பதியன் போடுவதும் நோய் பிடித்த இலையைக் கண்டுபிடிப்பதும் இன்னும் மனிதக் கைகளிடம்தான் இருக்கின்றன.

சட்டம் உதவுமா என்றால், உதவும். அமெரிக்காவில் வெளிப்புற வேலைக்கான முதல் வெப்பப் பாதுகாப்பு விதியைக் கலிபோர்னியா 2005-ல் கொண்டுவந்தது. பார்க் குழுவின் கணக்கில், அதன் பிறகு அந்த மாநிலத்தில் வெயிலால் கூடும் காயங்களின் அளவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. புளோரிடா எதிர்த்திசையில் போனது. மியாமி-டேட் மாவட்டம் வெளிப்புறத் தொழிலாளர்களுக்கு நிழல், நீர், ஓய்வைக் கட்டாயமாக்க முயன்றபோது, எந்த உள்ளாட்சியும் அப்படி விதி போடக்கூடாது என்று மாநிலமே 2024-ல் சட்டம் போட்டுவிட்டது. நாடு முழுமைக்குமான வரைவு விதியை மத்தியத் தொழிலாளர் துறை அதே ஆண்டு வெளியிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிடக் கூலியோடு கூடிய ஓய்வு, புதியவருக்குப் படிப்படியான வேலையேற்றம் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

இந்த அறிவியலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளத் தொழிலாளர் 352 பேரை ஆராய்ந்து, அவர்களில் 7 சதவீதத்தினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வில், வெயிலில் வேலை செய்தவர்களுக்குக் கருக்கலைவும் குழந்தை இறந்து பிறப்பதும் இரு மடங்காக இருந்தன. ஓசூர் வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா வெட்டுவதிலிருந்து ஊர் ஊராக நர்சரிகளில் பாலிதீன் பைக்கு மண் நிரப்புவது வரை பெண்கள் கைதான் அதிகம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம்.

நர்சரியோ பசுமைக்குடிலோ நடத்துகிறவர் பங்குனிக்கு முன்னால் செய்யக்கூடியவை மலிவானவை. புதிய ஆளுக்கு முதல் வாரம் குறைந்த வேலை, முழுக் கூலி. கண்ணுக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், நடக்கும் தூரத்தில் கழிப்பறை. தனியாக யாரையும் வயலின் கோடிக்கு அனுப்பாமல் ஜோடியாக அனுப்புவது.

வேலையில் இருப்பவர் திடீரென்று குழறிப் பேசினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். உடம்பு வியர்த்திருக்கிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள், உழைக்கும்போது வரும் வெப்பவாதத்தில் தோல் ஈரமாகவே இருக்கக்கூடும். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்கு இழுத்து, தலை வெளியே இருக்கும்படி தொட்டித் தண்ணீரில் அமிழ்த்துங்கள், அல்லது செடிக்கு நீர் விடும் ஹோஸை அவர் மேல் திருப்பித் தொடர்ந்து நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்.